விளையாட்டு அணியில் பேன் பரவாமல் பார்த்துக்கொள்ள: திருகோணமலைப் பெற்றோருக்கும் புதிய பயிற்றுநர்களுக்கும்

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் நாட்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் பின்னேரம் முழுக்க மைதானத்திலேயே ஒன்றாக இருப்பார்கள். அணிநடைப் பயிற்சி, உடற்பயிற்சிக் கண்காட்சி, வலைப்பந்தாட்டம், கபடி, எல்லே என்று ஒன்று முடிய மற்றது தொடங்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு வரும் பிள்ளை தலையைச் சொறியத் தொடங்கினால் பல தாய்மார் முதலில் கேட்பது "யாரோட விளையாடினனி?" என்றுதான். அடுத்த நாளே பயிற்சிக்கு அனுப்பாமல் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

பேனுக்காக ஒரு பிள்ளை விளையாட்டை விட வேண்டிய தேவையே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஒழுங்காகச் சீவிப் பார்ப்பது, சில பொருட்களை மாற்றிப் பாவிக்காமல் இருப்பது, யாருக்காவது வந்துவிட்டால் அதை மறைக்கவேண்டிய பயம் இல்லாத ஓர் அணி. இந்த மூன்றும் இருந்தால் போதும். மூன்றிலும் கடினமானது கடைசிதான். புதிதாக அணிப் பொறுப்பை எடுத்திருக்கும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும், முதல் தடவையாகப் பிள்ளையை அணியில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

பேனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

வளர்ந்த தலைப்பேன் 2 முதல் 3 மில்லிமீற்றர் நீளம் இருக்கும், ஏறக்குறைய ஓர் எள்ளளவு. அதற்குச் சிறகு இல்லை, குதிக்கவும் முடியாது. ஆறு கால்களிலும் உள்ள கொக்கிகளால் முடியைப் பிடித்துக்கொண்டு ஊரும். ஆகவே அது ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக வேண்டுமென்றால், பெரும்பாலும் இரண்டு தலைகளின் முடியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மைதானத்தில் பத்தடி தள்ளி நிற்கும் பிள்ளைக்குத் தொற்றாது. வாங்கில் ஒருவரோடொருவர் தலை சாய்த்து இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றும்.

பெண் பேன் ஒரு நாளைக்கு 6 முதல் 8 முட்டைகள் வரை இடும். அதுதான் ஈர். தலைத்தோலுக்கு மிக அருகில், முடியோடு இறுக ஒட்டியிருக்கும். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பொரிக்கும். பொரித்த குஞ்சு முட்டை இடும் வயதுக்கு வர இன்னும் 9 முதல் 12 நாட்கள் ஆகும். மருந்தை இரண்டாம் தடவை எந்த நாளில் போடுவது என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது, ஆகவே இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேன் வாழ்வது மனித இரத்தத்தைக் குடித்து. தலையை விட்டுக் கீழே விழுந்தால் ஒன்றிரண்டு நாட்களுக்குள் செத்துவிடும். அதனால் வீட்டுச் சுவர், கதிரை, மைதானத்துப் புல் இவற்றைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. தலைப்பேன் நோய் எதையும் பரப்புவதும் இல்லை. ஊத்தையான தலையில்தான் வரும் என்பதும் பிழை. தினமும் தலை முழுகும் பிள்ளைக்கும் வரும்.

இன்னொரு விஷயம், இதைப் பயிற்றுநர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவையாகப் பேன் வரும் பிள்ளைக்குச் சொறி தொடங்க 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். பேனின் எச்சிலுக்கு உடம்பு ஒவ்வாமை காட்டத் தொடங்கிய பிறகுதான் அரிக்கும். அப்படியென்றால் இன்றைக்குச் சொறியும் பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே வந்திருக்கலாம், சொறியாத பிள்ளையின் தலையிலும் இப்போது இருக்கலாம். "யார் கொண்டு வந்தது?" என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் அணிக்கு நல்லது.

எங்கே தொற்றுகிறது

விளையாட்டின்போது தொற்றுவதைவிட, விளையாட்டுக்கு முன்னும் பின்னும் தொற்றுவதுதான் அதிகம். கபடியில் ஒரு பிடியில் நாலு பேர் ஒன்றாக விழுவார்கள், கராத்தேயிலும் மல்யுத்தத்திலும் தலைகள் உரசும். அவை கணநேரத் தொடுகைகள். அதற்காக ஆட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. கோல் அடித்த பிள்ளையை மற்றவர்கள் கட்டிப்பிடிக்கட்டும், அதையும் தடுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது தலைகள் நீண்ட நேரம் சேர்ந்திருக்கும் இடங்களை. ஒரே கைபேசியில் ஆறு பேர் தலையைக் கூட்டி மற்ற அணியின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். செல்ஃபிக்குக் கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள். மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ மாகாணமட்டப் போட்டிக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது, பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். போன இடத்தில் வகுப்பறையில் பாய் விரித்து நெருக்கமாகப் படுப்பார்கள்.

பெண்பிள்ளைகளின் அணிகளில் இன்னொன்று இருக்கிறது. அணிநடை தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன் ஓர் அக்காவோ ரீச்சரோ வரிசையாக எல்லோருக்கும் இரட்டைப் பின்னல் பின்னி ரிபன் கட்டிவிடுவார். அன்பாகச் செய்யும் வேலைதான். ஆனால் முப்பது தலைக்கும் ஒரே சீப்பு. அதே நாளில் அணிநடைத் தொப்பியும் வாத்தியக் குழுவின் தொப்பியும் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு உடனுக்குடன் மாறும். சீப்பாலும் தொப்பியாலும் தொற்றுவது தலையோடு தலை தொட்டுத் தொற்றுவதைவிடக் குறைவு. என்றாலும் இதைத் தடுப்பது மிகச் சுலபம் என்பதால் விட்டுவிடக் கூடாது.

முதல் வேலை: பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே எல்லோரும் சீவிப் பார்ப்பது

வெறும் கண்ணால் தலையை விலக்கிப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று சொல்வதை நம்ப வேண்டாம். பேன் வெளிச்சத்தைக் கண்டதும் வேகமாக ஒளிந்துவிடும். ஈரத்தலையில் பேன்சீப்பால் சீவுவதுதான் நம்பக்கூடிய முறை. எப்படிச் செய்வது என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் லேசு.

நல்ல பேன்சீப்பு ஒன்று வாங்குங்கள். பற்கள் மிக நெருக்கமாக, வளையாமல் இருக்க வேண்டும். இடைவெளி 0.3 மில்லிமீற்றருக்குக் கூடாமல் இருந்தால்தான் குஞ்சும் சிக்கும். இரும்புப் பல் சீப்பு பிளாஸ்டிக்கைவிட நீண்ட காலம் உழைக்கும்.

தலையை ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். கண்டிஷனர் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் போதும். வழுக்கினால்தான் சீப்பு ஓடும், பேனாலும் வேகமாக ஊர முடியாது. முதலில் சாதாரண அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். அப்புறம் முடியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கிளிப் குத்துங்கள். பேன்சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து, வேரிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு சீப்பை வெள்ளைத் துணியிலோ வெள்ளைக் கடதாசியிலோ துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னும் பிடரியிலும் இரண்டு மடங்கு நேரம் எடுங்கள், பேனுக்கு மிகப் பிடித்த இடங்கள் அவைதான். முழுத்தலையையும் ஒரு தடவை முடித்துவிட்டு இன்னொரு தடவை சீவுங்கள். நீண்ட அடர்ந்த கூந்தலுக்கு அரை மணித்தியாலம் ஆகலாம். பையன்களின் கட்டையான முடிக்குச் சில நிமிடங்கள்தான்.

துணியில் ஊரும் பேன் ஒன்று வந்தால், பேன் இருக்கிறது. ஈர் மட்டும் வந்தால் அவசரப்படாதீர்கள். தலைத்தோலிலிருந்து 6 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்து வெறுமையான கூடு, அல்லது செத்தது. பொடுகையும் ஈரையும் குழப்பிக்கொள்வதும் சகஜம். விரலால் தட்டினால் பொடுகு உதிரும். ஈர் அசையாது.

இதற்கென்று ஒரு நாளை நிலையாக வையுங்கள். வெள்ளியோ சனியோ எண்ணெய் முழுக்கு உள்ள வீடுகளில் அந்த நாளே வசதி, எண்ணெய் தடவிய தலை ஏற்கெனவே சீவுவதற்குத் தயாராக இருக்கும். மற்ற வீடுகளில் பயிற்சி இல்லாத ஏதாவதொரு பின்னேரம். விளையாட்டுக் காலம் முழுக்க வாரத்துக்கு ஒரு தடவை போதும். பேன் வந்து பெருகுவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

எல்லாப் பிள்ளைக்கும் சீவிவிட வீட்டில் ஆள் இருக்காது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருக்கும் தாய்மாரின் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். சிறுவர் இல்லங்களிலும் விடுதிகளிலும் இருந்து விளையாட வரும் பிள்ளைகளும் உண்டு. அம்மம்மாவுக்குக் கண் தெரியாது என்றால், சீப்பை அவர் இழுக்கட்டும், துணியைப் பிள்ளை பார்க்கட்டும். சீப்புத்தான் பேனைப் பிடிக்கிறது, கண் அல்ல. விடுதியில் என்றால் வயதில் மூத்த ஓர் அக்காவிடமோ பொறுப்பாளரிடமோ பேசி, மூடிய அறையில் ஒவ்வொருவராகச் செய்யும்படி ஒழுங்குபடுத்துங்கள். அணிக்கு வாங்கும் பந்தோடும் விசிலோடும் ஐந்தாறு பேன்சீப்பையும் சேர்த்து வாங்கி, இல்லாத பிள்ளைகளுக்குச் சொந்தமாகவே கொடுத்துவிடுங்கள். செலவு பெரிதல்ல.

மைதானத்தில் வரிசையாக நிறுத்தித் தலை பார்க்காதீர்கள்

ஒரு பாடசாலையில் பயிற்சிக்கு முன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தலை பார்த்ததை நேரில் கண்டிருக்கிறேன். பேன் இருந்தவர்களை ஒரு பக்கமாக நிற்க வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் நின்ற ஒருத்தி அணியிலேயே வேகமாக ஓடுகிறவள். அடுத்த வாரத்திலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அந்தப் பிள்ளைக்கு நடந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், பேனைத் தடுக்கவும் அது உதவாது. அடுத்த தடவை தலை பார்ப்பார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் எண்ணெயைத் தடித்துப் பூசி வருவார்கள், அல்லது அன்றைக்கு வராமல் நிற்பார்கள். வீட்டில் சொல்லப் பயப்படுவார்கள். மறைக்கும் ஒவ்வொரு நாளும் தலையில் புதிய ஈர்கள் சேரும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று சொல்வோமே, இந்த விஷயத்தில் அதைச் செய்வது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

தலை பார்ப்பது வீட்டு வேலையாகவே இருக்கட்டும். பயிற்றுநர் எல்லோரிடமும் ஒரே மாதிரி "இந்த வாரம் சீவிப் பார்த்தாச்சா?" என்று கேட்டால் போதும், யார் தலையில் இருந்தது என்று கேட்க வேண்டாம். ஒரு பிள்ளை விடாமல் சொறிவதைக் கண்டால் வீட்டுக்குத் தனியாகத் தொலைபேசி எடுங்கள். "பிள்ளை நல்லா விளையாடுறா அக்கா. ஒருக்கா ஈரத்தலையில சீவிப் பாருங்கோ, எல்லா வீட்டுக்கும்தான் சொல்றன்" என்கிற அளவில் பேச்சு இருக்கட்டும். பிள்ளையைப் பாராட்டித் தொடங்குவதும், எல்லோருக்கும் பொதுவான விஷயம் என்று சொல்வதும் தாயின் மனத்தை எவ்வளவு லேசாக்கும் என்பதைப் பேசிப் பார்த்தால் தெரியும்.

முடியும் பையும்

நீண்ட முடியை விரித்துவிட்டு விளையாட வேண்டாம். பின்னலோ இறுக்கமான கொண்டையோ நல்லது. தொங்கும் முடி குறைந்தால் தொடுகையும் குறையும். பையன்களின் கட்டை முடியில் வாய்ப்புக் குறைவுதான், ஆனால் இல்லாமல் போகாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் உட்பட, தலையை மூடி விளையாடும் பிள்ளைகள் அந்தத் துணியையும் ஊசியையும் ஒருவருக்கொருவர் மாற்றாமல், வியர்த்தால் போட்டுக்கொள்ளத் தமக்கென்று இன்னொன்றைப் பையில் வைத்திருக்கட்டும்.

ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் பேர் எழுதிய சீப்பு, துவாய், தொப்பி, இரண்டு மூன்று ரப்பர் பான்ட் இருக்க வேண்டும். வரிசையாகப் பின்னிவிடும் அக்காவுக்கு ஒரு விதி மட்டும்: இருக்க வரும் பிள்ளை தன் சீப்பைத் தானே கொண்டு வர வேண்டும். அணிநடைத் தொப்பிகளுக்கு உள்ளே பேர் ஒட்டிவிடுங்கள், ஒத்திகையிலிருந்து போட்டி நாள் வரைக்கும் அதே தொப்பி அதே தலைக்கு. இன்னொரு குழுவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் இரண்டு முழு நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி

பாடசாலைக் கிரிக்கெட் பையில் ஒன்றிரண்டு ஹெல்மெட்தான் இருக்கும், பதினொரு பேரும் அதைத்தான் மாறி மாறிப் போட வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பேனுக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் ஹெல்மெட் இல்லாமல் துடுப்பெடுத்தாடக் கூடாது. பேனை இரண்டு மூன்று வாரத்தில் சமாளிக்கலாம். பந்து தலையில் பட்டால் அப்படியல்ல.

வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பேனுக்குப் பிடி கிடைக்காது, ஆகவே ஹெல்மெட்டால் தொற்றும் வாய்ப்புக் குறைவு. உள்ளே இருக்கும் துணிப் பஞ்சுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பிள்ளையும் மெல்லிய பருத்தித் துணியில் தைத்த தலைக்கவசத் தொப்பி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு வந்து, அதைப் போட்டுக்கொண்டு மேலே ஹெல்மெட்டைப் போடலாம். ஊரில் தையல் தெரிந்த யாரும் பழைய பெனியனில் தைத்துத் தருவார்கள். வியர்வையையும் அது உறிஞ்சும். அடுத்தவர் போடுவதற்கு முன் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். கழற்றக்கூடிய பஞ்சு என்றால் வார இறுதியில் கழற்றிக் கழுவி வெயிலில் போடுங்கள். பூச்சி மருந்து அடிக்க வேண்டாம், அது பிள்ளையின் நெற்றியிலும் கண்ணிலும்தான் போய்ச் சேரும்.

கடலில் குளித்தால் சாகுமா?

டச்சு பே, உப்புவெளி, நிலாவெளி என்று கடல் பக்கத்திலேயே இருப்பதால் "உப்புத் தண்ணியில ரெண்டு நாள் முழுகினா பேன் போயிடும்" என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். போகாது. தண்ணீருக்குள் போனதும் பேன் அசையாமல் முடியை இறுகப் பிடித்துக்கொள்ளும், பல மணி நேரம் அப்படியே உயிரோடு இருக்கும். நீச்சல் குளத்துக் குளோரினுக்கும் இதே கதைதான். நல்ல செய்தி என்னவென்றால், அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பதால் தண்ணீர் வழியாக அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பும் மிகக் குறைவு. கரைக்கு வந்து ஒரே துவாயில் தலை துவட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும். குளிக்கும் சூட்டில் உள்ள வெந்நீரும் பேனைக் கொல்லாது.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது

போட்டிக் காலத்தில் கூடுதலாகத் தொற்றுவது வெளியூரில் தங்கும் இரவுகளில் என்பதால், புறப்படுவதற்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் ஒரு தடவை சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தலையணையும் போர்வையும் தங்களுடையதைக் கொண்டு வரட்டும். தலையணை இல்லையென்றால் உடுப்பை ஒரு துவாயில் சுற்றி வைத்துக்கொள்ளலாம், மற்றவருடையதில் பங்கு போட வேண்டாம்.

படுக்கும்போது ஒருவர் தலை இருக்கும் பக்கத்தில் அடுத்தவரின் கால் வரும்படி பாய்களை மாற்றி மாற்றிப் போட்டால் தலைகள் தள்ளியே இருக்கும். தலைமாட்டில் கால் நீட்டுவது சில வீடுகளில் மரியாதைக் குறைவு, பிள்ளைகளும் கூச்சப்படலாம். அப்படியென்றால் எல்லோரும் ஒரே பக்கம் தலை வைத்து, இடையில் ஒரு முழக் கையளவு இடம் விட்டுப் படுக்கட்டும். பஸ்ஸில் நீண்ட முடி உள்ளவர்கள் கொண்டை போட்டு மேலே துண்டொன்றைச் சுற்றிக்கொண்டால் தூக்கத்தில் சாய்ந்தாலும் பரவாயில்லை. வீடு வந்து ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் சீவிப் பாருங்கள். அங்கே தொற்றியது ஏதாவது இருந்தால் இந்த இரண்டு தடவைக்குள் பிடிபடும்.

வந்துவிட்டால்

முதல் வேலை, வீட்டில் உள்ள எல்லோருடைய தலையையும் அன்றைக்கே சீவிப் பார்ப்பது. உயிருள்ள பேன் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் மருத்துவம் செய்யுங்கள். ஒருவருக்கு இன்றைக்கும் இன்னொருவருக்கு அடுத்த வாரமும் செய்தால் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

பாமசியில் கேட்டு 1% பெர்மெத்ரின் லோஷன் வாங்கலாம். சொறி சிரங்குக்குக் கொடுக்கும் 5% கிறீம் வேறு, அதை நீங்களாகவே தலைக்குப் போட வேண்டாம். கண்டிஷனர் கலக்காத ஷாம்பால் கழுவித் துவாயால் துவட்டிய ஈரத்தலையில், காதுக்குப் பின்னும் பிடரியும் உட்பட எல்லா இடத்திலும் படும்படி பூசி, 10 நிமிடம் வைத்துவிட்டுக் கழுவ வேண்டும். கண்ணைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பெல்லாம் வழியாதபடி தலையை முன்பக்கம் குனிந்து கழுவுவது நல்லது. பிறகு ஒன்றிரண்டு நாளைக்குத் தலை கழுவக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்த பிறகு போடுவது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு வசதி. சனி ஞாயிறில் கடற்குளிப்பை மட்டும் தள்ளி வையுங்கள், திங்கள் பயிற்சிக்கு வரலாம். ஈர்கள் எல்லாவற்றையும் இந்த மருந்து கொல்லாது என்பதால் ஒன்பது நாள் கழித்து, அதாவது வெள்ளி போட்டால் அடுத்த வார ஞாயிறு, இன்னொரு தடவை போட வேண்டும். இந்த இரண்டாம் தடவையைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். கலண்டரில் வட்டம் போடுங்கள்.

மருந்து போட்டு 8 முதல் 12 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு பேன்கள் மெதுவாக அசைந்தால் பரவாயில்லை, சீவி எடுத்துவிடலாம். செத்த பேன் ஒன்றுமே இல்லாமல் எல்லாம் முன்போலவே ஓடித் திரிந்தால் அந்த மருந்து வேலை செய்யவில்லை. பெர்மெத்ரினுக்குச் சாகாத பேன்கள் பல நாடுகளில் உண்டு. திரும்பத் திரும்ப அதையே பூசாமல் வைத்தியரிடம் வேறு மருந்து கேளுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு இதைப் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மருந்து விருப்பமில்லையென்றால் ஈரச் சீவலை மட்டுமே வைத்தும் தீர்க்கலாம், பொறுமைதான் வேண்டும். முதலாம், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் நாட்களில் முழுத்தலையையும் சீவி எடுத்து, பதினேழாம் நாளில் ஒன்றும் இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கணக்குக் குழம்பிவிடும். என்னைக் கேட்டால், கூந்தல் நீளமாக உள்ள பிள்ளைக்கு மருந்தும் சீவலும் சேர்ந்தே இருப்பது நல்லது.

கடைசி இரண்டு நாட்களில் பாவித்த தலையணை உறை, துவாய், தொப்பி இவற்றை மட்டும் கழுவினால் போதும். 54 பாகை செல்சியசுக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டும், பெரியவர்களே வாளியில் ஊற்றி ஊற வைக்கட்டும். சீப்பையும் அதே சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். கழுவ முடியாததைப் பொலித்தீன் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். வீடு முழுக்க மருந்தடிப்பது வீண் செலவு.

செய்யவே கூடாதவை

மண்ணெண்ணெய், பெற்றோல், நுளம்புக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் ஸ்பிரே இவற்றைத் தலையில் போடாதீர்கள். தீப்பிடிக்கும், தோல் வெந்துபோகும், மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்து. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவதையும் விட்டுவிடுங்கள். அது கண்ணில் பட்டால் கருவிழி கடுமையாகப் புண்படும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலப்பது பழைய பழக்கம், ஆனால் சின்னப் பிள்ளைகள் கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். வேப்பெண்ணெயோ வெறும் தேங்காய் எண்ணெயோ பூசுவதால் கெடுதல் இல்லை, பேன் வராமல் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடத்தான் கூடாது. பேன் இல்லாத தலையில் "முன்னெச்சரிக்கையாக" மருந்து போடுவதும் வேண்டாம். பெண்பிள்ளையின் தலையை மொட்டையடிக்கும் யோசனையை யாராவது சொன்னால், அவரிடம் ஒரு பேன்சீப்பைக் கொடுங்கள்.

எப்போது பயிற்சிக்குத் திரும்பலாம்

அடுத்த நாளே. ஈர் முழுக்கப் போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேன் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகடமியின் நிலைப்பாடும். மைதானத்துக்கும் அதுவே பொருந்தும்.

சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ பக்கத்து அரச வைத்தியசாலையிலோ காசில்லாமல் பார்க்கலாம். அணியில் பலருக்கு மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ குடும்பநல உத்தியோகத்தரோ வந்து பெற்றோரோடு பேசுவது, நாம் சொல்வதைவிட எடுபடும்.

பெற்றோருக்கு அனுப்ப ஒரு செய்தி

பருவத் தொடக்கத்திலேயே, யாருக்கும் வராதபோதே, இதை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஒருவருக்கு வந்த பிறகு போட்டால் அந்தப் பிள்ளையைச் சுட்டியதாக ஆகிவிடும்.

"அன்பான பெற்றோருக்கு, பயிற்சி தொடங்கிவிட்டது. பிள்ளைகள் ஒன்றாக விளையாடும் காலத்தில் தலைப்பேன் வருவது வழமை. யாருடைய பிழையும் இல்லை, சுத்தக் குறைவும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஈரத்தலையில் பேன்சீப்பால் சீவிப் பாருங்கள். பிள்ளையின் பையில் சொந்தச் சீப்பு, துவாய், தொப்பி வைத்து விடுங்கள். பேன் கண்டால் வீட்டில் எல்லோரையும் பார்த்து, பேன் உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து போடுங்கள், ஒன்பது நாள் கழித்து மறுபடியும் போடுங்கள். பயிற்சியை நிறுத்த வேண்டாம். சீப்பு தேவையென்றாலும் உதவி வேண்டுமென்றாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள், வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன்."